குரோமில் சரியாகத் தெரியும் வலைப்பக்கம் ஐபோனில் மட்டும் கலைந்துபோகிறது. எப்படிச் சமாளிப்பது?

முதலில், உலாவியின் பெயரைப் பார்த்துச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே ஓடும் எஞ்சின், அதாவது நிரலைப் படித்துப் பக்கத்தை வரையும் பகுதி, எது என்று பாருங்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் குரோம், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட், 2020-லிருந்து எட்ஜ் என எல்லாமே பிளிங்க்தான். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். குரோமிலும் எட்ஜிலும் ஓப்பராவிலும் பார்த்தாயிற்று என்றால், ஒரே எஞ்சினை மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கணினியில் குரோமின் மொபைல் காட்சியும் திரை அளவைத்தான் மாற்றும், எஞ்சினை அல்ல.

ஐபோனில் அடிக்கடி உதைப்பது முழுத்திரை உயரம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில், திரையின் முழு உயரத்தைக் கேட்கும் 100விஎச் (100vh) என்று கொடுத்தால், முகவரிப் பட்டை சுருங்கியபின் கிடைக்கும் உயரத்தை சஃபாரி எடுத்துக்கொள்கிறது. பட்டை விரிந்திருக்கும்போது, பக்கத்தின் அடியில் வைத்த பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். இதற்கு 100விஎச் வரியை அப்படியே வைத்து, அதற்கு அடுத்த வரியில், பட்டைக்கேற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளும் 100டிவிஎச் (100dvh) எழுதுங்கள். சிஎஸ்எஸ் தனக்குப் புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். பழைய உலாவி முதல் வரியையும், சஃபாரி 15.4-உம் அதற்குப் பிந்தையவையும் இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளும். அப்புறம், உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டதும் பக்கமே பெரிதாகிவிடும். அதையும் பாருங்கள்.

பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இவ்வளவு பொறுமையானது இல்லை. மொழியின் இலக்கணத்தில் புரியாத ஒரு குறியீடு வந்தால் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. எந்தப் பதிப்பு வரை ஆதரிக்கப்போகிறீர்கள் என்பதை பிரவுசர்லிஸ்ட் என்ற அமைப்புப் பட்டியலில் எழுதிவிட்டால், புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய உலாவிக்குப் புரியும்படி மாற்றும் பேபலும், சிஎஸ்எஸ்ஸில் உலாவிக்கேற்ற முன்னொட்டுகளைச் சேர்க்கும் ஆட்டோபிரிஃபிக்ஸரும் அதையே பார்த்து வேலை செய்யும்.

ஒரு வசதி உலாவிக்குத் தெரியுமா என்று கேட்கும் சிஎஸ்எஸ்ஸின் சப்போர்ட்ஸ் விதி (@supports) நல்லதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஃபிளெக்ஸ், கிரிட் இரண்டும் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் முறைகள்; கேப் (gap) என்பது பெட்டிகளுக்கு இடையே விடும் இடைவெளி. ஃபிளெக்ஸில் கேப் வேலை செய்யாத சஃபாரி 14.0-இடம் ‘கேப் தெரியுமா?’ என்று கேட்டால், கிரிட்டில் தெரியும் என்பதால் ‘தெரியும்’ என்றே சொல்லும்.

எல்லாத் திரையிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நான் மெனக்கெடுவதில்லை. ஒரு நிழல் சற்று மாறினால் விட்டுவிடுவேன். படிவத்தை அனுப்ப முடியவில்லை என்றால் விடமாட்டேன். அங்கே ஒருவருடைய வேலை நின்றுபோகிறது.

சஃபாரி ஓடும் மேக் கணினி கையில் இல்லையென்றால், உலாவிகளைச் சோதிக்கும் கருவியான பிளேரைட் வழியாக விண்டோஸிலேயே வெப்கிட்டை ஓட்டலாம். ஆனால் விசைப்பலகை மேலெழுவதும் முகவரிப் பட்டை சுருங்குவதும் அதில் தெரியாது. வெளியிடும் முன் யாரிடமாவது ஐபோனை வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.