என் மனையில் நிற்கும் மரம், நான் வெட்டக்கூடாதா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. வேர் சுற்றுச்சுவரைத் தள்ளி, விரிசல் விட்டிருக்கிறது. மரம் வெட்டுபவர், “ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்” என்கிறார். சொந்த இடத்து மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். வெட்டியவர் ரம்பத்தோடு போய்விடுவார். நோட்டீஸ் பெரும்பாலும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

மர ஆய்வாளராக இருந்தபோது, மண் போட்டு மூடியிருந்த அடிக்கட்டை ஒன்றைத் தோண்டி அளந்தோம். “உள்ளே உளுத்துப்போன மரம்தான் ஐயா” என்று அந்த வீட்டம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை, கட்டையின் நடுவே கை நுழையும் அளவுக்குப் பொந்து. முன்பே விண்ணப்பித்திருந்தால் மறுப்பே வந்திருக்காது. ஆனால் நிற்கும்போது எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அபராதம் கட்டினார். எனக்கு இன்றுவரை அது வருத்தம்தான்.

எல்லா ஊருக்கும் ஒரே விதி கிடையாது. சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதிகளில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் அனுமதி தேவை. இங்கிலாந்தில் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி என்றால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் விட்டம் 7.5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மரத்தைத் தொட 6 வாரம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று சுற்றளவு, மற்றது விட்டம் என்பதைக் கவனியுங்கள். இதைக் குழப்பிக்கொண்டு, “என் மரம் சின்னது” என்று நம்பி வெட்டியவர்கள் உண்டு. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எந்த உயரத்தில் எதை அளக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நாடாவை எடுங்கள். மரத்தை மொட்டையடிப்பதும் பல இடங்களில் வெட்டியதாகவே கணக்கு. பறவை கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்.

இனி சுவர். வேர் தள்ளுகிறது என்றால் மரத்தை எடுப்பது ஒன்றே வழி என்று நினைத்துவிடாதீர்கள். வேர் கடக்கும் இடத்தில் மட்டும் சுவரைப் பிரித்து, மேலே ஒரு லிண்டல் (சுவரைத் தாங்கும் குறுக்கு உத்திரம்) போட்டு, வேர் பருக்க இடைவெளி விட்டுக் கட்டலாம். களிமண் நிலமாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். மரம் போன பிறகு, அது உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, புது விரிசல் வரலாம். வேரை மட்டும் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். அடிமரத்தை ஒட்டிய தடித்த வேர்தான் மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அது போனால் அடுத்த பெருங்காற்றில் மரம் உங்கள் கூரை மேல்தான்.

இத்தனைக்கும் பிறகு எடுத்தே ஆகவேண்டும் என்றால் விண்ணப்பியுங்கள். விரிசலின் அகலம் தெரிய ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மரத்தை நான்கு பக்கமும் எடுங்கள். மரத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் குறித்து, கையால் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தாலே போதும். எழுத்தில் அனுமதி கைக்கு வந்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மரம் சரியாக எல்லையில் நிற்கிறது. பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். அடிமரம் எல்லைக்கோட்டின் மேல் நின்றால் அதைப் பல சட்டங்கள் இருவருக்கும் பொதுவான சொத்தாகவே பார்க்கின்றன. வாய்ப்பேச்சு போதாது, அவருடைய கையெழுத்தை விண்ணப்பத்திலேயே வாங்கிவிடுங்கள்.