சாலை அடைப்பைத் தெரிவித்தும் மேப்பில் ஏன் மாறவில்லை?

பல நேரங்களில் தெரிவித்த இடமே தப்பாக இருக்கும். மேப்பில் ஒரு சாலை என்பது ஒரே கோடு அல்ல. ஒவ்வொரு சந்திப்பிலும் வெட்டுப்பட்ட துண்டுகள். தடுப்பு நிற்கும் துண்டை மட்டும் தொடுங்கள். முழுத் தெருவையும் தேர்ந்தெடுத்தால் குறுக்குச் சந்துக்குப் போகிறவர்களும் சுற்ற வேண்டிவரும். மேம்பாலம் இருக்கும் இடத்தில் நன்றாக ஜூம் செய்யுங்கள்: அடைத்தது கீழே உள்ள சர்வீஸ் ரோடு, விரல் படுவது மேலே உள்ள பாலம். இப்படியும் கோளாறு நடக்கும்.

அடுத்தது திசை. மெட்ரோ வேலைக்காக ஒரு பக்கம் மட்டும் மறித்திருந்தால் ஒரு திசையை மட்டும் குறியுங்கள். முடியும் தேதியைத் தடுப்புப் பலகையில் பார்த்துப் போடுங்கள், ஊகம் வேண்டாம்.

பைக்குகள் இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டிருந்தால் சாலை திறந்திருப்பதாகவே செயலிக்குத் தோன்றலாம். வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியின் மேப்பைத் திருத்தும் எடிட்டரில் இதற்காகவே, அடைப்பைப் பதியும்போது போக்குவரத்தைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு தேர்வு உண்டு.

யாரும் திருத்தக்கூடிய பொது மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு நாள் அடைப்புக்காகச் சாலையைத் திருத்தாதீர்கள். ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்திருப்பவரிடம் அதைப் புதுப்பிக்கும்வரை அந்தச் சாலை மாதக்கணக்கில்கூட மூடியே கிடக்கலாம். எதைப் பதிவதானாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செய்யுங்கள்.