சரித்திரம், திகில், அறிவியல் புனைவு: நாவல் எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று வகையிலும் எழுத ஆசை. ஒரே பெயர் போதுமா சார்?

பதில்: போதும். எந்த வகை நாவல் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியட்டும். சிறுவர்களுக்கும் எழுதுகிறவர் மட்டும் திகிலுக்குப் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று எல்லா உரிமைகளும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். 'சகல உரிமைகளும்' என்று ஒரே வரியில் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சரித்திரக் கதையில் பாத்திரங்கள் செந்தமிழில் பேசாவிட்டால் அந்தக் கால வாசம் வருமா?

பதில்: வரும். வாயிற்காவலன் "யாது கூறினை?" என்று கேட்க வேண்டாம், "என்ன சொன்னாய்?" போதும்.

அதே வாசகர்: அப்படியானால் 'ஓகே' என்றும் எழுதலாமே?

பதில்: கூடாது. சொல்லின் கம்பீரத்தை விட அதன் வயதைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு இளவரசி ஜன்னலைத் திறந்து, மேசைமேல் இருந்த சாவியை எடுக்கிறாள் என்று எழுதினால் ஒரே வரியில் மூன்று தவறு. மூன்றும் போர்த்துகீசியச் சொற்கள். அவர்கள் கப்பலில் வந்ததே 1498இல். சாளரம், திறவுகோல் என்று எழுதுங்கள். மேசைக்குப் பதில் மாடத்தில் வைத்துவிடுங்கள்.

அதே வாசகர்: அந்தக் காலப் பேச்சே வேறு. பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றினால் அது பாதிப் பொய் இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. கல்வெட்டுத் தமிழை அப்படியே எழுதினால் இன்று படிப்பவருக்கு நாலு வரி தாண்டாது. அதனால் வாக்கியம் இன்றைய எளிய தமிழ், பொருட்களின் பெயர் அன்றையது. நேரத்துக்கும் இதே கணக்கு. 'ஐந்து நிமிடம் காத்திருந்தான்' வேண்டாம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். நாழிகைக்கும் குறைவென்றால் 'உலை கொதிக்கும் நேரம்' என்று செயலால் அளந்து காட்டுங்கள். உரசினால் பற்றும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். அதற்கு முந்தைய கதையில் விளக்கு அணைந்தால் சாம்பலுக்குள் கங்கு தேட வேண்டும், பஞ்சு வைத்து ஊத வேண்டும். அவ்வளவு நேரமும் அறை இருட்டு. திகில் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்வி: பேயை எந்த அத்தியாயத்தில் காட்டுவது?

பதில்: எவ்வளவு தாமதமாகவோ அவ்வளவு நல்லது. ஆனால் அது எங்கே வரும், எங்கே வராது என்ற விதியை முன்பே நிறுவுங்கள். முடிவுக்காக அந்த விதியை மீறினால் பயம் போய்விடும்.

கேள்வி: என் நாயகி செவ்வாய் கிரகத்திலிருந்து பூமியில் இருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் சண்டை போடுகிறாள். சரியா?

பதில்: முடியாது. சமிக்ஞை ஒருவழி வரவே சுமார் 3 முதல் 22 நிமிடம். சண்டையைப் பதிவுசெய்த செய்திகளாக மாற்றுங்கள். அம்மாவின் சமாதானம் வந்து சேர்வதற்குள் மகள் இரண்டாவது வசவையும் அனுப்பியிருப்பாள். காட்சி இன்னும் கூர்மையாகும்.

கேள்வி: முதலில் எந்த வகையை எழுதலாம்?

பதில்: இன்று நாலாவது முறை இதே கேள்வி. எதை முடிக்க முடியுமோ அதை.

கேள்வி: புத்தகம் விற்காமல் கிடந்தால் உரிமை தானாகத் திரும்பிவிடுமா?

பதில்: ஒப்பந்தத்தில் இருந்தால்தான் திரும்பும். மறுபடியும் சொல்கிறேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'அச்சில் இல்லாவிட்டால்' என்ற சொல் மட்டும் போதாது. மின்னூல் என்றைக்கும் விற்பனையில் இருக்கும், அதைக் காட்டியே புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை எழுத்தாளருக்கு என்று எண்ணிக்கையைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.