வீட்டறைக்குள் ஒரு தேவாலய ஆர்கன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூடியூபில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்காக எழுதிய சி மைனர் பாஸகாலியாவைக் கேட்டேன். அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வர, மேலே மாறுபாடுகள் அடுக்கப்படும் இசைவடிவம் அது. வாசிப்பவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் விரலால் அழுத்தும் கட்டைகள் அடுக்கடுக்காக, காலடியில் மிதிகட்டைகள், பக்கத்தில் ஒரு கணினி. ஒலி மட்டும் நெதர்லாந்தின் ஸ்வோலே நகரத் தேவாலய ஆர்கனுடையது என்று குறிப்பு. கேட்டபோது சிலிர்த்தது. பிறகு சந்தேகம் வந்துவிட்டது. என் மகளின் கீபோர்டில்கூட 'சர்ச் ஆர்கன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இது அதன் விலையுயர்ந்த வடிவம்தானே? இதைக் கேட்டுவிட்டு ஆர்கன் இசை கேட்டேன் என்று சொல்லலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தாராளமாகச் சொல்லலாம்.

கீபோர்டில் இருப்பது எந்த ஊரிலும் இல்லாத ஓர் ஆர்கன். சில ஸ்வரங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை இழுத்தும் சுருக்கியும் ஒப்பேற்றியது. நீங்கள் கேட்டதற்கு முகவரி உண்டு. பெயர்பெற்ற ஜெர்மானிய ஆர்கன் கட்டுநர் ஆர்ப் ஷ்னிட்கரின் மகன்கள் 1721இல் கட்டி முடித்த கருவி அது, 64 ஸ்டாப்கள். ஒரு ஸ்டாப் என்பது ஒரே குணமுள்ள குழாய்களின் வரிசை, கட்டைக்குக் குறைந்தது ஒரு குழாய். அத்தனை குழாய்களையும் ஒவ்வொன்றாக ஊதவைத்துத் தனித்தனியே பதிவு செய்கிறார்கள். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் போன்ற மென்பொருள்கள் செய்வது, எந்தக் கட்டை அழுந்தியதோ அதற்குரிய குழாயின் பதிவை அந்தக் கணமே ஒலிக்கவிடுவதுதான்.

இதில் என்னை மிகவும் கவர்வது கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகு நடப்பது. ஆர்கனில் பாதி இசை கட்டடத்துடையது. காற்று நின்ற பிறகும் கல்மண்டபத்தில் நாதம் சில விநாடிகள் சுழன்று அடங்கும். அந்த அடங்கலையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் ஒரே ஒரு அடங்கல் போதாது. நீண்ட கார்வை மண்டபத்தை முழுக்க நிரப்பிவிடுகிறது. ஒரு சிறு தட்டல் நிரப்புவதில்லை. எனவே குறுகிய, நடுத்தர, நீண்ட ஸ்வரங்களுக்கு வெவ்வேறு அடங்கல்களைப் பதிவு செய்து, கட்டை எவ்வளவு நேரம் அழுந்தியிருந்தது என்று பார்த்துக் கணினி தேர்ந்தெடுக்கிறது. இதைச் செய்யாத பழைய பதிவுத்தொகுப்புகளில் விரைவான இடங்களெல்லாம் எதிரொலியில் குழைந்து சேறாகிவிடும். செய்தவற்றில் பாக் ஒன்றோடொன்று பின்னிய மெட்டுகள் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும்.

இழப்புகளும் உண்டு. உண்மையான ஆர்கனில் குழாய்கள் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் பெரிய ஒத்திசையில் காற்றழுத்தம் இலேசாகத் தணிந்து மீளும். கருவி மூச்சுவிடுவது போலிருக்கும். மென்பொருள் அதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, ஓரளவுக்கு. இன்னொன்று, ஒவ்வொரு குழாயின் பதிவிலும் காற்றூதியின் இரைச்சல் ஒட்டியிருக்கும். ஐம்பது குழாய்கள் சேர்ந்தால் ஐம்பது இரைச்சல். அதை வடிகட்டியாக வேண்டும், வடிகட்டும்போது குழாயின் சொந்த மூச்சிலும் கொஞ்சம் போய்விடும். 32 அடிக் குழாயின் அடிஸ்வரம் விநாடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வு. தேவாலயத்தில் அது உட்காரும் பலகை வழியாக உடம்பில் ஏறுவது. கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

இருந்தும் நான் இந்தப் பதிவுகளை மனதாரக் கொண்டாடுகிறேன். ஆர்கன் இசை கருவியோடு கட்டுண்டது. 1720இல் பாக் ஹாம்பர்க் யாக்கோபி தேவாலய வேலைக்கு முயன்றார். அங்கிருந்தது ஆர்ப் ஷ்னிட்கர் கட்டிய ஆர்கன். அந்த மரபின் குழாய்களில் பாஸகாலியாவைக் கேட்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் கருவியில் கேட்பதும் ஒன்றல்ல. பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க்குக்கோ அந்தப் பாரிஸ் கருவிதான் வேண்டும். பிரெஞ்சு ஆர்கன் கட்டுநர் காவயே-கோல் கட்டிய ஆர்கனில் பல ஆண்டுகள் வாசித்தவர் அவர், எந்த இடத்தில் எந்த ஸ்டாப் என்று இசைத்தாளிலேயே குறித்துவைத்தவர். முன்பெல்லாம் இந்த வேறுபாட்டை உணர நாடு நாடாகப் போகவேண்டும். இன்று ஒரே கலைஞர் ஒரே மாலையில் இரண்டையும் வாசித்துக் காட்ட முடிகிறது.

நல்லநிலையில் ஆர்கன் உள்ள தேவாலயம் அதைக் கைவிட்டு ஒலிபெருக்கி வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. குழாய்கள் காற்றோடும் பராமரிப்போடும் இருப்பதால்தான் பதிவுசெய்ய ஏதோ இருக்கிறது.

நல்ல ஹெட்ஃபோனில் பாஸகாலியாவை மறுபடி கேளுங்கள். முதல் எட்டு தாள அளவுகளில் மிதிகட்டை மட்டும் தனியாக ஒலிக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் எப்படி வாய் திறக்கிறது, எப்படிச் சுவரில் போய்ச் சேர்கிறது என்று கவனியுங்கள். அந்த மெட்டின் மேலே இருபது மாறுபாடுகள், பிறகு ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஃபியூக். அடுத்ததாக ஃபிராங்க் 1890இல், இறந்த ஆண்டில், எழுதிய மூன்றாவது கோரால், தேவாலயப் பாடலின் சாயலில் அமைந்த ஆர்கன் படைப்பு. நார்மண்டியில் கான் நகர செயின்ட் எத்தியென் தேவாலயத்தில் 1885இல் வைத்த காவயே-கோல் ஆர்கனின் பதிவிலேயே அதைத் தேடுங்கள். நடுவில் வேகம் தணிந்து ட்ரம்பெட் ஸ்டாப்பில் நீண்ட மெட்டு வரும். அதை ஸ்வோலேயின் ட்ரம்பெட்டோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.