பிரிட்டன் கவுண்டிகளின் கரையும் குன்றும்: கேளுங்கள், சொல்கிறேன்

ஹல் நகரத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிட்டனின் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) கரை, குன்று, பாறை, மண் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, வீட்டு வாடகை எல்லாம் என் துறை இல்லை. கடலோரம் போகிறவர் யாராக இருந்தாலும் கிளம்பும் முன் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கு) பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

லெஸ்டர்வாசி: ஐயா, பிரிட்டனிலேயே உயரமான மலை எது?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், 1345 மீட்டர். வேல்ஸில் ஸ்னோடன் 1085. இங்கிலாந்தில் ஸ்காஃபெல் பைக் 978.

கடல்காற்று: சார், யார்க்ஷயரில் ஹார்ன்சீக்குத் தெற்கே ஒரு கேரவன் பூங்காவுக்கு அடிக்கடி போவோம். போன தடவை பார்த்த வேலி இந்தத் தடவை இல்லை, கடலுக்குள் போய்விட்டது என்கிறார்கள். ஏன் இவ்வளவு வேகம்? கல்லைக் கொட்டி நிறுத்த முடியாதா?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அந்தக் கரைக்கு ஹோல்டர்னெஸ் என்று பெயர். வடக்கே ஃபிளாம்பரோ முனையிலிருந்து தெற்கே ஸ்பர்ன் முனை வரை 60 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். சராசரியாக ஆண்டுக்கு 2 மீட்டர் அளவில் தேய்கிறது; ஐரோப்பாவிலேயே வேகமாகத் தேயும் கரைகளில் ஒன்று.

அங்கே நீங்கள் நின்றது பாறைமேல் இல்லை. பனியுகத்தில் பனிப்படலம் இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன களிமண். அதற்கு முந்தைய கடலோரம் இன்னும் மேற்கே, செவர்பியிலிருந்து ஹெசில் வரை ஓடியது. அந்தப் பழைய சாக் பாறை (வெள்ளைச் சுண்ணப் பாறை) ஓங்கல், அதாவது செங்குத்தான கரைச்சரிவு, இன்றும் களிமண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஆக, பனி கொடுத்த நிலத்தைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஓங்கலின் முகத்தை ஒருமுறை கீழே தள்ளி நின்று பாருங்கள் (மேலிருந்து எட்டிப் பார்க்காதீர்கள், அடியிலும் நிற்காதீர்கள்). பழுப்புக் களிமண்ணில் தாறுமாறாகக் கற்கள் பதிந்திருக்கும். சில கற்கள் நார்வேயிலிருந்து வந்தவை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, களிமண் கனத்து, முழுத் துண்டாகச் சரியும். சரிந்ததை அலை வாரிக்கொண்டு போகும். அதில் பெரும்பகுதி நுண்களிமண், தண்ணீரில் கலங்கலாகவே போய்விடும். மணலாகத் தங்குவது கொஞ்சம்தான். அதனால் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள அகலமான மணற்பரப்பு அமைவதில்லை.

இனி கல் கொட்டும் கதை. 1991ல் மாப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதை ஒட்டிய சாலையையும் காப்பாற்ற இரண்டு தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் கல்தடுப்புகள்) போட்டார்கள். ஊர் தப்பியது, மணலும் சேர்ந்தது. ஆனால் அந்த மணல் தெற்கே போக வேண்டியது. வரத்து நின்றதும் தெற்கே கௌடன் பக்கம் அரிப்பு கூடி, பண்ணை நிலம் கடலுக்குள் போனது. ஒரு ஊரைக் காப்பாற்றினால் அடுத்த ஊர் பில் கட்டும். "நிறுத்த முடியாதா" என்று கேட்டீர்களே, முடியும். யாருடைய நிலத்தைக் கொடுத்து என்பதுதான் கணக்கு. அந்த மணல்தான் கடைசியில் ஸ்பர்ன் முனையாக, கடலுக்குள் நீளும் நாக்கு மாதிரி, படிகிறது. 2013 டிசம்பர் புயல் அலையில் அந்த நாக்கு நடுவில் உடைந்தது. பெரிய ஓதம் வந்தால் இப்போதும் அந்த இடத்தைத் தண்ணீர் மூடும். ஓத அட்டவணை!

குரோய்டன் குமரன்: செவன் சிஸ்டர்ஸ் ஓங்கல்கள் ஏன் மேலும் கீழுமாக அலை மாதிரி இருக்கின்றன? போட்டோ எடுக்க எந்த இடம் நல்லது?

சசெக்ஸ் சாக் பாறை நீரை உறிஞ்சிவிடும், மேலே ஆறு ஓடாது. பனியுகத்தில் தரை உறைந்திருந்தபோது உருகிய நீருக்கு உள்ளே இறங்க வழியில்லை; மேலேயே ஓடிப் பள்ளத்தாக்குகளை அறுத்தது. பனி போனபின் அவை வறண்டுவிட்டன. அந்தப் பள்ளத்தாக்குகளைக் கடல் குறுக்கே வெட்டியதால் வந்த வரிசைதான் அது. முகம் உதிர்ந்துகொண்டே இருப்பதால்தான் வெள்ளை மாறாமல் இருக்கிறது. போட்டோவைக் கக்மியர் ஆற்றுமுகத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு எடுக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பக்கத்திலே பீச்சி ஹெட் 162 மீட்டர்.

யார்க் மருமகள்: அண்ணா, யார்க்ஷயரின் உயரமான சிகரம் வெர்ன்சைடுதானே? வீட்டில் பந்தயம்.

வெர்ன்சைடு, 736 மீட்டர். இன்றைய எல்லைப்படி சரி.

மலைப்பித்தன்: தவறு ஐயா! மிக்கில் ஃபெல், 788 மீட்டர். யார்க்ஷயரின் வடக்கு ரைடிங் (பழைய உட்பிரிவு) அது.

டர்ஹம் தம்பி: மிக்கில் ஃபெல் எங்கள் டர்ஹமில் இருக்கிறது. 1974லிருந்து.

மலைப்பித்தன்: 1974ல் லண்டனில் உட்கார்ந்து கோடு போட்டார்கள். அதற்காக மலை நகர்ந்துவிட்டதா?

தொடங்கிவிட்டீர்களா! இரண்டு பேரும் சொல்வது உண்மை, ஆனால் வேறு வேறு கவுண்டியைப் பற்றி. வரலாற்றுக் கவுண்டி (பழைய எல்லை) ஒன்று, சம்பிரதாயக் கவுண்டி (அரசப் பிரதிநிதிக்கு உரிய எல்லை) ஒன்று, நிர்வாகக் கவுண்டி (கவுன்சில் நிர்வகிக்கும் எல்லை) ஒன்று. 1972ல் சட்டம் வந்து 1974ல் நடைமுறைக்கு வந்தபோது கோடுகள் இடம் மாறின. லங்காஷயர்காரர்களுக்கு உங்களைவிடப் பெரிய நஷ்டம்: 800 மீட்டரைத் தாண்டிய கோனிஸ்டன் ஓல்ட் மேன் கம்ப்ரியாவுக்குப் போனது. 2023ல் அந்தக் கம்ப்ரியா கவுன்சிலையே கலைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்! இந்தக் கோடுகளை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். நான் ஒரு குன்றை அதன் பாறையால் அடையாளம் சொல்வேன்: வெர்ன்சைடு, இங்கிள்பரோ, பென்-ஐ-கெண்ட் மூன்றிலும் அடியில் சுண்ணாம்புக்கல், உச்சியில் கரடுமுரடான மணற்கல். இதை எந்தக் கவுன்சிலாலும் மாற்ற முடியாது.

மலைப்பித்தன்: அப்படியானால் பந்தயத்தில் யாருக்கு வெற்றி?

டர்ஹம் தம்பி: எங்களுக்கு.

மருமகளுக்கு. அவர் "இருக்கிறது" என்றுதான் கேட்டார், "இருந்தது" என்று கேட்கவில்லை. மலைப்பித்தன், கோபத்தில் மிக்கில் ஃபெல் ஏறக் கிளம்பிவிடாதீர்கள். தென்சரிவு ராணுவத்தின் வார்கப் பயிற்சிக்களத்தில் இருக்கிறது. துப்பாக்கிச்சூடு நடக்கும் நாளில் உள்ளே விடமாட்டார்கள்.

சுபா: இங்கிலாந்தில் உயரமான மலை எது சார்?

முதல் பதில்.

ஈஸ்ட்ஹாம் ரவி: உயரத்தை எல்லாரும் கேட்டாயிற்று. தாழ்வான இடம்?

இதற்காகவே உங்களைப் பிடித்திருக்கிறது. கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹோம் ஃபென், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 2.75 மீட்டர். அங்கிருந்த விட்டில்சி ஏரியை வற்றவைத்தபோது, மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க 1851ல் ஒரு இரும்புக் கம்பத்தை, தலை தரைமட்டத்தில் இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. கம்பம் வளரவில்லை. நீர் போனதும் பீட் மண் (பாதி மட்கிய செடிகொடிகளால் ஆன மண்) சுருங்கியது, காற்றுப் பட்டு மட்கியது. பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: தலைக்கு மேலே தெரிகிற அந்த முனையில்தான் ஒருகாலத்தில் தரை இருந்தது.

நிலா: செசில் கடற்கரைக் கூழாங்கற்கள் ஏன் இடத்துக்கு இடம் அளவு மாறுகின்றன?

டார்செட்டில் ஏறக்குறைய 29 கிலோமீட்டர் நீளக் கல்மேடு. மேற்கே வெஸ்ட் பேயில் பட்டாணி அளவு, கிழக்கே போர்ட்லாண்ட் வரும்போது கைப்பிடி அளவு. அலைகள் சலித்துப் பிரித்தவை. மேட்டுக்குப் பின்னால் ஃபிளீட் என்ற காயல். இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லைத் தடவியே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். ஞாபகார்த்தமாக ஒன்றை எடுத்து வரலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

பிரபு: பிரைட்டனில் வாடகை எப்படி?

மேலே முதல் பத்தி.

லங்கன்பிரெண்ட்: மோர்கம் விரிகுடாவில் வற்று நேரத்தில் மணலில் நடந்தே அக்கரை போகலாமாமே? வரைபடத்திலும் பாதை காட்டுகிறது.

பாதை உரிமை உண்டு, பாதை இல்லை. கெண்ட் ஆற்றின் வாய்க்கால் இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று உறுதியாக இருந்த மணல் இன்று புதைமணல். ஓதம் முன்னாலிருந்து மட்டும் வராது, வாய்க்கால் வழியாகப் பின்னால் சுற்றி வரும். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள், குறைந்தது 21 பேர், அங்கே இறந்தார்கள். 1548லிருந்தே அரச நியமனத்தில் அங்கே வழிகாட்டி உண்டு. அவர் நடத்திச் செல்லும் நாளில் போங்கள். மாற்றுக் காற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும்.

சுபா: முதல் பதிலில் மூன்று மலை இருக்கிறது சார், எது?

இங்கிலாந்து என்று கேட்டீர்கள். ஸ்காஃபெல் பைக். கவுண்டி எது என்று மட்டும் கேட்காதீர்கள், மலைப்பித்தன் வந்துவிடுவார்.