தற்செயலாக வந்த வேலை: கேள்வி பதில்

வேலை மாறுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மெக்கானிக்கல் படித்தேன். ஆள் இல்லையென்று, புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள். இப்போது அதை விட மனசில்லை. படிப்பு வீணா அக்கா?

வீணெல்லாம் இல்லை தம்பி. லேத்தில் கைவைத்தவர் சொல்லிக்கொடுப்பதற்கும் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அங்கேயே இருங்கள்.

கேள்வி: வயது 43. இனிமேல் புதுசாக ஒன்றில் இறங்குவதா?

வில்லியம் ஹெர்ஷல் ஒரு இசைக்காரர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார், பாட்டு சொல்லிக்கொடுப்பார், ராத்திரியில் தானே செய்த தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பார். 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தார், அடுத்த வருஷம் இங்கிலாந்து ராஜா கொடுத்த, வருஷத்துக்கு 200 பவுண்டு சம்பளத்தை நம்பி இசையை விட்டார், அப்போது அவருக்கும் உங்கள் வயதுதான். ஆனால் அதற்கு முன்னால் பல வருஷம் இரண்டையும் சேர்த்தே ஓட்டினார் என்பதைக் கவனியுங்கள்.

உண்மையில் எனக்குப் பிடித்தது அவர் தங்கை கரோலின் கதை. பாடகியாக வரவேண்டியவர். அண்ணன் தொலைநோக்கிக்கான கண்ணாடியைத் தேய்க்க உட்கார்ந்தால் கையை எடுக்க மாட்டார் என்று, பக்கத்தில் நின்று சாப்பாட்டை ஊட்டிவிட்டவர். (வீட்டில் ஒருவருக்கு லட்சியம் வந்தால் மற்றவர்கள் பாடு அப்படித்தான்.) வானியல் அவர் கேட்டு வந்ததே இல்லை, அண்ணனுக்குக் குறிப்பெழுதப் போய் ஒட்டிக்கொண்டது. 1786இல் சொந்தமாக ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார், மறுவருஷத்திலிருந்து அவருக்கும் அரசுச் சம்பளம்.

கேள்வி: மருத்துவமனையில் துப்புரவு வேலை, வேறு வழியில்லாமல் வந்தது. இதில் என்ன நிறைவு சார்?

சார் இல்லை, அக்கா! ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் உங்களைப் போன்றவர்களைப் பற்றியே எழுதினார்கள். ஒரே வேலையைச் சிலர் துடைப்பதோடு முடித்துக்கொண்டார்கள், சிலர் நோயாளியோடு நாலு வார்த்தை பேசினார்கள், வழி தெரியாமல் நின்ற உறவினரைக் கூட்டிப்போனார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு வேலை பிடித்திருந்தது. இதையெல்லாம் யாரும் அவர்களிடம் செய்யச் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படி எதிலும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறு வேலை தேடுங்கள், அதில் தப்பே இல்லை.

கேள்வி: ஐடி வேலையை விட்டுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆகட்டுமா?

இப்போதைக்கு விடாதீர்கள். கல்யாணங்களுக்கு எடுக்கிற ஒருவரோடு சில சனி ஞாயிறு போய் நில்லுங்கள், அப்புறம் அவரோடு உட்கார்ந்து கண் மூடிய படங்களைக் கழித்து, நிறம் திருத்தி, பாக்கிப் பணத்துக்கு மூன்றாவது முறை போன் போடுவதையும் பாருங்கள். தொழிலில் பெரும்பகுதி இதுதான். இதுவும் சரி என்று தோன்றினால் வாருங்கள், பேசலாம்.

கேள்வி: பிடித்த வேலை கிடைத்துவிட்டது, சம்பளம்தான் குறைவு. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பிடித்துச் செய்கிறவரிடம்தான் குறைத்துக் கொடுப்பார்கள். கேளுங்கள்.