செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்குப் புது வயரிங்: எந்த வயர், எத்தனை ஸ்கொயர் எம்எம்?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை 150 அடி இருக்கும். பழைய ரீப்பர் (மரச்சட்டத்தின் மேல் வயர் ஓடும்) வயரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறோம். மாடியில் 2 ஏசி, பின்கட்டில் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, 1.5 எச்பி போர் மோட்டார் வரும். எலக்ட்ரீஷியன் எல்லாவற்றுக்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் (செம்புக் கம்பியின் குறுக்களவு) போதும், மோட்டாருக்கு மட்டும் இரண்டரை போடலாம் என்கிறார். எந்த பிராண்டு வயர் வாங்கலாம்?

பதில்:

பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் பெயர் பெற்ற கம்பெனி வயர் எதுவானாலும் உங்கள் வீட்டுக்கு ஆகும். எனக்குக் கவலை அந்த 150 அடியைப் பற்றித்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். நகரத்தார் வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. மீட்டர் முகப்பில் இருக்கும். கரண்ட் அதிகம் இழுக்கும் சாமான்கள் பின்கட்டில் இருக்கும். சென்னையில் ஒரு ஃபிளாட்டில் பத்து மீட்டர் ஓடுகிற வயருக்குச் சொல்லும் அளவை இங்கே அப்படியே போட்டால் சரிவராது. இந்த வீடுகளில் லோடு எவ்வளவு முக்கியமோ, நீளமும் அவ்வளவு முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். 150 அடி என்றால் 45 மீட்டர். வயர் நேர்கோட்டிலா போகப்போகிறது? வளவை (நடு முற்றத்தை) சுற்றி, மேலே ஏறி, இறங்கி, பின்கட்டுப் போர்டுக்கு வருவதற்குள் 60 மீட்டர் ஆகிவிடும். பேஸ் போக 60, நியூட்ரல் திரும்ப 60, ஆக 120 மீட்டர் செம்பு. வீட்டு வேலைக்கு வாங்கும் பல இழை வயரில் ஒன்றரை ஸ்கொயர் எம்எம்முக்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் வரை ரெசிஸ்டன்ஸ் இருக்கலாம் என்று தர விதி அனுமதிக்கிறது. 120 மீட்டருக்கு அது 1.6 ஓம். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 14 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அந்த 14 வோல்ட்டை மறுபடி 9 ஆம்பியரால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 130 வாட். அவ்வளவும் பைப்புக்குள் சூடாகத்தான் இறங்கும். கீசர் ஓடும், தண்ணீரும் சுடும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கரண்ட் வீணாகிக்கொண்டே இருக்கும்.

பொதுவாக விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்ற சாமான்களுக்கு 5 சதவீதம் வரைதான் வோல்டேஜ் இறங்கலாம் என்று வைத்துக்கொள்வார்கள். 230-ல் 5 சதவீதம் 11.5 வோல்ட். ஒன்றரை வயர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, அதுவும் ஒரே ஒரு கீசருக்கே.

மோட்டார் இதைவிட மோசம். 1.5 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவு இழுக்கும், கிளம்பும்போது அதைப் போல் நாலு மடங்குகூட இழுக்கும். போர் 200 அடி என்றால் பைப்போடு இறங்கும் தட்டை கேபிளே 60 மீட்டர். முகப்பிலிருந்து 60, போருக்குள் 60, ஆக ஒரு பக்கம் மட்டும் 120 மீட்டர். முழுக்க இரண்டரையில் போட்டால் ஓடும்போது 19 வோல்ட் விழும், கிளம்பும் நொடியில் 75 வோல்ட்டுக்கு மேல் விழும். சித்திரை, வைகாசி மாலையில் தெருவிலேயே வோல்டேஜ் 200-க்கு இறங்கி நிற்கும்போது அந்த மோட்டார் எப்படிக் கிளம்பும்? முனகிக்கொண்டே நிற்கும், காயில் எரியும். பிறகு எல்லோரும் மோட்டார் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொன்றுக்கும் முகப்பிலிருந்து தனித்தனி வயர் இழுக்காதீர்கள். பின்கட்டில் இரண்டாவதாக ஒரு டிபி பாக்ஸ் (கரண்டைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள். முகப்பு மெயினிலிருந்து அதுவரை 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒரு ஜோடி, கூடவே எர்த். அங்கே ஒரே நேரத்தில் 25 ஆம்பியர் ஓடினாலும் 60 மீட்டருக்கு 6 வோல்ட்டுக்குள் நிற்கும். ஆறு போட்டால் 10 வோல்ட் விழும். அதற்குப் பிறகு பாக்ஸிலிருந்து சாமானுக்குப் போகும் வயரிலும் கொஞ்சம் விழுமே, அதனால் ஆறு விளிம்பில் நிற்கிறது. பத்து என்றால் நிம்மதி. வாங்கும்போது காசு வலிக்கும். ஆனால் இந்த வீடுகளில் மறுபடி வயர் மாற்றுவதென்றால் பங்காளிகள் எல்லோரும் மறுபடி கூடிப் பேச வேண்டும், ஆகவே ஒரே தடவையில் தாராளமாகப் போடுங்கள். மூன்று பேஸ் சர்வீஸ் இருந்தால் லோடைப் பிரித்துவிடலாம், அப்போது ஆறே போதுமா என்று தனியாகக் கணக்குப் பார்க்கலாம்.

பின்கட்டு பாக்ஸிலிருந்து கீசருக்கும் இண்டக்‌ஷனுக்கும் தலா ஒரு இரண்டரை, தனித்தனி சர்க்யூட்டாக. போர் மோட்டாரின் தட்டை கேபிள் நாலு. இப்படிச் செய்தால் மோட்டார் ஓடும்போது மொத்த இழப்பு 8 வோல்ட்தான். பாக்ஸுக்கும் போருக்கும் நடுவே மண்ணுக்குள் கேபிள் போகுமானால் அங்கே மட்டும் ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) கேபிள் வாங்கி, இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். சாதாரண வயரை பிவிசி பைப்பில் விட்டு மண்ணில் புதைப்பதை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன், செய்யவே கூடாது. ஏசிக்கு நான் நாலுதான் சொல்வேன். லைட், ஃபேனுக்கு ஒன்றரை. அந்த இடத்தில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது சரி.

அடுத்தது எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச். இதைத்தான் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எம்சிபி ஏசியைக் காப்பாற்றுவதற்கு அல்ல, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றுவதற்கு. பைப்புக்குள் போகும் ஒன்றரை வயர் ஏறக்குறைய 14 ஆம்பியரும் இரண்டரை 18-லிருந்து 20-ம் நாலு 25-ஐ ஒட்டியும் தாங்கும். அதனால் ஒன்றரைக்கு 10 ஆம்பியர் எம்சிபி, இரண்டரைக்கு 16, நாலுக்கு 20, அதற்கு மேல் வேண்டாம். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வயருக்குக் காவல் இல்லை. பர்மாத் தேக்குத் தூணும் உத்திரமும் நிறைந்த வீட்டில் இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அந்த ஆம்பியர் கணக்கு 40 டிகிரிச் சூட்டுக்குச் சொல்வது. சாதாரண பிவிசி வயரின் உள்கம்பி 70 டிகிரி வரை போகலாம். மச்சில் ஓட்டுக்கு அடியில் கோடை மதியம் 50 டிகிரி ஆனால், வயர் தன்னால் சூடேற மிச்சம் இருப்பது 30 அல்ல, 20 டிகிரிதான். தாங்கும் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரே பைப்பில் ஏழெட்டு வயரைத் திணித்தால் இன்னும் குறையும். மாடி ஏசிக்கு நாலு கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தோல் எந்த வகை என்பதற்கு வருகிறேன். கடையில் எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ், எச்எஃப்எஃப்ஆர் என்று மூன்று சொல்வார்கள். எஃப்ஆர் தீ பரவுவதைத் தடுக்கும், ஆனால் எரிந்தால் புகையும் அமிலக் காற்றும் வரும். எஃப்ஆர்எல்எஸ் புகையைக் குறைக்கும். எச்எஃப்எஃப்ஆரில் ஹாலஜன் கிடையாது, அந்த அமில வாயு பெரிய அளவில் வராது. உங்கள் வீட்டில் மரத்தை ஒட்டிப் போகும் இடங்களுக்கும், ஆட்கள் படுக்கும் உள்வீட்டு அறைகளுக்கும் எச்எஃப்எஃப்ஆர் போடுங்கள். ஜன்னல் சிறிதான அந்த இரட்டை அறைகளில் நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளை வீழ்த்தும். மற்ற இடங்களுக்கு எஃப்ஆர்எல்எஸ் போதும்.

சுவரை வெட்டலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். வேலைக்குப் போகிற வீடுகளில் ஆச்சிகள் முதலில் சொல்வதே, “சுவத்துல உளி வைக்காதீக தம்பி” என்றுதான். அவர்கள் சொல்வது நியாயம். அந்தச் சுண்ணாம்புப் பூச்சை வெட்டினால் அதே மினுமினுப்போடு திரும்பப் பூசுவது பெரும்பாடு. பழைய மரக் கேசிங் நல்ல நிலையில் இருந்தால், கறையான் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டு, விளக்கு வயர்களை மட்டும் அதிலேயே புதிதாக ஓட்டலாம். கனமான வயர்கள் மச்சு வழியாக பைப்பில் போகட்டும். பைப்பின் இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எலியும் அணிலும் வயரைக் கடிக்காமல் விடாது. ஒரு பைப்பில் பாதி இடமாவது காலியாக இருக்கட்டும்.

பழைய வயரில் ஒரு துண்டைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். அந்தக் கால ரப்பர் வயர் கை பட்டாலே தோல் உதிர்ந்துவிடும். நடுவில் யாரோ மாற்றிய அலுமினிய வயர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் நாளடைவில் தளர்ந்து, அந்த ஒரு புள்ளியில் சூடேறிக் கருகும். பழைய வயரிங்கில் நாலைந்து சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஓடும் பழக்கமும் உண்டு. நீங்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) கட்டாயம் வைக்கவேண்டும். வைத்தபின் வெவ்வேறு ஆர்சிசிபியின் நியூட்ரல்கள் எங்காவது கலந்திருந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும், பிறகு தொல்லை தாங்காமல் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதற்கென்று ஒரு நியூட்ரல். இன்வெர்ட்டர் லைனுக்கும் அப்படியே.

கல்யாணத்தை மறந்துவிடாதீர்கள். வருஷம் முழுக்க நாலு லைட் எரியும் வீட்டில் அன்றைக்கு மட்டும் சீரியல் செட், வாடகை ஏசி, சமையல்காரர்களின் பெரிய கிரைண்டர், ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் வந்து இறங்கும். பந்தல்காரர் கண்ணில் பட்ட பிளக்கில் செருகுவார், இல்லாவிட்டால் மெயினிலேயே வயரைக் கொக்கி போட்டு மாட்டுவார். அதற்கென்றே முகப்பில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று எம்சிபியோடு தொழிற்சாலை வகை சாக்கெட் வைத்துவிடுங்கள், வீட்டு சர்க்யூட்டோடு சேராமல். ஜெனரேட்டர் கட்டுவதற்குச் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் அங்கேயே இருக்கட்டும், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகை.

இனி கடைக்குப் போவோம். பழைய மேஸ்திரிகள் இன்னும் “மூணு இருபது, ஏழு இருபது” என்று கேட்பார்கள். அந்தப் பழைய கேஜ் கணக்கு இன்றைய அளவோடு சரியாக ஒட்டாது, பில்லில் ஸ்கொயர் எம்எம் எழுதி வாங்குங்கள். வயரின் மேல் ஐஎஸ் 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கவேண்டும் (எச்எஃப்எஃப்ஆருக்கு எண் வேறு). முத்திரையோடு உள்ள சிஎம்/எல் லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அந்த லைசென்ஸ் உண்மையா, யாருடையது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள். கூடவே தராசில் வையுங்கள். 90 மீட்டர் ஒன்றரைக் காயிலில் செம்பு மட்டுமே ஒரு கிலோவுக்குக் குறையாது, இரண்டரையில் ஒன்றேமுக்கால் கிலோ அளவு இருக்கும். தோலின் எடை அதற்கு மேல். மொத்தக் காயிலே ஒரு கிலோதான் என்றால் செம்பு குறைகிறது, இல்லையென்றால் நீளம் குறைகிறது. நிறம் பார்த்து வாங்குங்கள். பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஒரே நிறத்தில் முழு வீட்டையும் இழுத்துவிட்டால் பின்னால் வருகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்யவேண்டும்.

எர்த் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்புராங்கல் பூமியில் கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். கிணற்றடி மாதிரி ஈரம் நிற்கும் இடத்தில் குழி எடுங்கள், ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் எர்த் வயர் போகவேண்டும், லைட் பாயின்ட் உட்பட.

வேலை முடிந்ததும் சுவிட்ச், பல்பு, சாமான் எதையும் மாட்டுமுன் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து 500 வோல்ட் மெக்கரில் (வயர் தோலின் காப்பைச் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை ஒத்துக்கொள்ளாதீர்கள், புது வயரில் அதைவிடப் பல மடங்கு வரவேண்டும். எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்த வயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். போர் ஆழம், சர்வீஸ் எத்தனை பேஸ், ஏசி எத்தனை டன் என்ற விவரத்தைக் கீழே எழுதினால் உங்கள் வீட்டுக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.